தோல் வேலைக்குப் பசை தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மேசையளவு இடத்தை ஒதுக்கிக்கொண்டு பெல்ட், பணப்பை, கைப்பை என்று தோல் வேலையில் இறங்கியவர்கள், முதல் பொருளைத் தைத்து முடிப்பதற்குள் கேட்டுவிடும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் “எந்தப் பசை மிகவும் வலுவானது?” என்றுதான் தொடங்குகிறார்கள். ஒட்டு விட்டுப்போன பொருள்களைப் பிரித்துப் பார்த்த அளவில், பசைக்கு வலு போதாமல் போனதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தோலின் முகத்தைத் தயார் செய்யாமல் விட்டதும், பசை உலரும்வரை பொறுக்காததுமே பெரும்பாலும் காரணமாக இருந்தன. ஆகவே பசையைப் பற்றிய இந்தப் பக்கத்தில் தோலைப் பற்றிய பேச்சே கூடுதலாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காண்டாக்ட் பசை என்பது என்ன? மற்றப் பசைகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களிலும் பூசி, இரண்டும் உலர்ந்த பிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தி ஒட்டுகிற பசை இது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல: டியூபை உரசி, சொல்யூஷனைத் தடவி, சற்று நேரம் காயவிட்டு, அதன் பிறகே ஒட்டுத்துண்டை வைத்துத் தட்டுவார்கள். டின்னுக்குள் இருப்பது கரைப்பானில் கரைத்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனதும் தோலின்மேல் எஞ்சும் மெல்லிய ரப்பர்ப் படலம் விரலில் ஒட்டுவதில்லை; ஆனால் தன்னைப் போன்ற இன்னொரு படலத்தைத் தொட்டவுடன் இரண்டும் கலந்து ஒரே படலமாகிவிடுகின்றன. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பூசி ஈரத்தோடு ஒட்டினால் இந்தப் பசை தன் குணத்தைக் காட்டுவதில்லை.

வீட்டில் வெள்ளை ஃபெவிகால் இருக்கிறது. அது போதாதா?

வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிடேட் என்னும் பொருளை நீரில் கலந்து செய்த மரப்பசை. தோலிலும் ஒட்டும், ஆனால் உலர்ந்தபின் விறைத்துவிடுவதால், மடங்கி மடங்கி நிமிர வேண்டிய இடத்தில் வெடிப்பு விழும். மடங்காத பெட்டி, புத்தக அட்டை போன்றவற்றுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதே ஃபெவிகால் என்ற பெயரில் எஸ்.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் டின்கள் வேறு வகையைச் சேர்ந்தவை, எஸ்.ஆர். 998 போன்றவை செயற்கை ரப்பரில் செய்த காண்டாக்ட் பசைகள். சோபா, ரெக்சின் வேலை செய்பவர்களின் கையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மஞ்சள் நிறப் பசை அதுதான். கடையில் வெறுமனே “சொல்யூஷன்” என்று கேட்டால் எந்த ரப்பர் பசையும் கைக்கு வரலாம் என்பதால், டின்னில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது நல்லது.

தோலுக்கான காண்டாக்ட் பசைகளில் என்னென்ன வகைகள் உண்டு? நான் எதை வாங்குவது?

கடைகளில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் வேதிப்பொருளை வைத்துப் பார்த்தால் வகைகள் நான்குக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, இயற்கை ரப்பரைக் கரைத்த சாதாரண ரப்பர் சொல்யூஷன். மென்மையானது, வலு குறைந்தது, உரித்தால் வந்துவிடக்கூடியது. இதைக் குறையாக மட்டும் எண்ண வேண்டாம். பணப்பையின் ஓரத்தை மடித்துத் தைக்கும்போதும், தையல் போடும்வரை இரண்டு துண்டுகளை நகராமல் பிடித்துவைக்க வேண்டியபோதும், தவறாக ஒட்டிவிட்டால் பிரித்துத் திரும்ப ஒட்ட முடிவது பெரிய வசதி. வெளியே வழிந்ததை விரலால் உருட்டியே எடுத்துவிடலாம்.

இரண்டாவது, நியோப்ரீன் என்று பரவலாக அறியப்படும் பாலிகுளோரோபிரீன் பசை. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் 1930-ஆம் ஆண்டு பிறந்த செயற்கை ரப்பர் இது. அறை வெப்பத்திலேயே இதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும் இயல்புடையவை என்பதால், இரண்டு முகங்களும் சேர்ந்த சில நிமிடங்களிலேயே ஒட்டு இறுகிவிடுகிறது. இயற்கை ரப்பருக்கு அந்த வேகம் இல்லை. பெல்ட், கைப்பை, செருப்பின் தோல் அடுக்குகள் என்று தோலோடு தோல் சேரும் வேலைகளில் பெரும்பகுதிக்கு இதுவே போதும். அமெரிக்கத் தோல் கலைஞர்களின் காணொளிகளில் அடிக்கடி வரும் பார்ஜ் பசையும் இந்த வகைதான். ஒரே ஒரு டின்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, பாலியூரித்தேன் பசை. பி.வி.சி. காலணி அடித்தட்டுகளிலும் ரெக்சினிலும் அவற்றை மென்மையாக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் கசிந்து வெளியே வரும். அது நியோப்ரீன் படலத்தை இளக்கி, ஆறு மாதத்தில் ஒட்டைக் கழற்றிவிடும். பாலியூரித்தேன் அதைத் தாங்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த தோலிலும் நியோப்ரீனைவிட நன்றாக நிற்கும். காலணித் தொழிற்சாலைகளில் இந்தப் பசையைப் பூசி உலர்த்தியபின் சூடேற்றி, படலம் இளகிய நிலையில் அழுத்தி ஒட்டுகிறார்கள். வீட்டில் இந்தச் சூட்டைச் சீராகக் கொடுப்பது எளிதல்ல என்பதால், பிளாஸ்டிக் கலக்காத வேலைக்கு இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நான்காவது, கரைப்பானுக்குப் பதிலாக நீரைக் கொண்ட பசை. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தோலின் வகையைப் பொறுத்துப் பசையை மாற்ற வேண்டுமா?

பசையை மாற்றுவதைவிட முன்வேலையை மாற்ற வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் நெடுங்காலமாகச் செய்துவந்த வகைத் தோல் இறுக்கமான நார்களைக் கொண்டது. எந்தப் பசையையும் எளிதாக ஏற்கும். குரோம் உப்பால் பதனிட்ட மென்மையான தோலில் எண்ணெய் கூடுதலாக இருக்கும். மேல்முகத்தில் நிறமியும் மெருகும் கலந்த பூச்சும் இருக்கும். வளைத்தால் நிறம் வெளிறித் தெரிகிற எண்ணெய்த் தோலை, ஒட்டும் இடத்தில் மட்டும், அசிட்டோன் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து உலரவிட்டால் பசை பிடிக்கும். துடைக்காமல் பூசினால் அன்றைக்கு ஒட்டியதுபோலவே இருக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் மெல்ல ஏறிவந்து படலத்தைத் தொடும்போதுதான் ஓரம் எழும்பும்.

சதைப்பக்கம் (தோலின் சொரசொரப்பான உள்பக்கம்) நன்றாக ஒட்டுகிறது. மேல்முகம் மட்டும் ஏன் உரிந்து வருகிறது?

மேல்முகத்தில் உங்கள் பசை தோலைத் தொடவே இல்லை. தோலின்மேல் இருக்கும் மெருகுப் பூச்சைத்தான் தொட்டிருக்கிறது. பூச்சு தோலைப் பிடித்திருக்கும் அளவுக்கு மேல் ஒட்டு நிற்காது. ஒட்டும் பரப்பைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, 80 எண் உப்புத்தாளால் பளபளப்பு மறைந்து பஞ்சுபோல் நார் எழும்பும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்த தூளைப் பிரஷ்ஷால் முழுவதும் தட்டிவிட வேண்டும். கோட்டைத் தாண்டித் தேய்த்துவிட்டால் அந்த வடு வெளியே தெரியும் என்பதால், ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். சதைப்பக்கத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு: தளர்ந்த நார்கள் முதல் பூச்சு முழுவதையும் உறிஞ்சிவிடும். பூசிய இடம் காய்ந்தபின் மங்கலாகவும் வறண்டும் தெரிந்தால் இரண்டாவது பூச்சு கட்டாயம். மெல்லிய பளபளப்பு சீராகத் தெரிய வேண்டும், அதுதான் அடையாளம்.

பசை பூசியபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

டின்னில் பத்து முதல் இருபது நிமிடம் என்ற அளவில் ஏதாவது எழுதியிருக்கும். அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். கரைப்பான் எது, பூச்சு எவ்வளவு கனம், அன்றைய காற்று எப்படி என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலும், ஹெக்சேன் 69 டிகிரியிலும், டொலுயீன் 111 டிகிரியிலும் கொதிப்பவை. ஆகவே டொலுயீன் மிகுந்த பசை மெதுவாகத்தான் உலரும். கடிகாரத்தை நம்புவதைவிட விரல்முட்டியை நம்பலாம். மடக்கிய விரலின் முட்டியால் படலத்தைத் தொட்டு எடுங்கள். நூல்போல் இழுத்துக்கொண்டு வந்தால் கரைப்பான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். லேசாகப் பிடித்து, எதுவும் ஒட்டாமல் விட்டுவிட்டால் அதுவே வேளை. விரல்நுனியால் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம், அதில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும்.

அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால், இரண்டு தோல்களுக்கும் நடுவே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் படலத்தை இளகலாகவே வைத்திருக்கும். என் முதல் பெல்ட்டுக்கு நேர்ந்தது இதுதான்: மறுநாள் தையலுக்குத் துளையிட்டபோது குத்தூசி ஒவ்வொரு முறையும் கருத்த பிசினோடு வெளியே வந்தது, நூலும் அழுக்கானது, பிரித்துப் பார்த்தால் உள்ளே பசை அப்போதுதான் பூசியதுபோல இருந்தது. மாறாக, நெடுநேரம் விட்டுவிட்டாலும் கவலையில்லை. ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடுகாட்டினாலோ, மெல்லியதாக இன்னொரு பூச்சுக் கொடுத்தாலோ படலம் மீண்டும் உயிர்பெறும்.

சேர்த்தபின் எவ்வளவு நேரம் அழுத்திவைத்தோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே முக்கியம். புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் பாரம் வைப்பதைக் காட்டிலும், வழவழப்பான முகமுள்ள சுத்தியலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒருமுறை ஒழுங்காகத் தட்டிவருவது அதிகப் பயன் தரும். முழு வலுவுக்கு 24 மணி நேரம் விடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் ஒட்டு சரியாக வருவதில்லை. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. கரைப்பான் ஆவியாகும்போது தான் இருந்த பரப்பைக் குளிரவைக்கிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை நாள்களில் அந்தக் குளிர்ந்த படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீர் படிகிறது. சில நேரம் வெண்மையான மூட்டம்போல் தோன்றும். இரண்டு படலங்களுக்கு நடுவே நீர் இருந்தால் அவை கலப்பதில்லை. மூட்டம் மறையும்வரை கூடுதலாகக் காத்திருந்து, ஒட்டுவதற்குச் சற்று முன் ஹேர் டிரையரின் வெதுவெதுப்பான காற்றைக் காட்டினால் போதும். ஆனால் அறையில் கரைப்பானின் நெடி முழுவதும் போன பிறகே அதை இயக்க வேண்டும்.

எப்படியும் தைக்கத்தானே போகிறேன். வலுவான பசை எனக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. தையல் வரும் இடத்தில் சுமையைத் தாங்குவது நூல். பசை, துளைகள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் இருப்பதற்கும் விளிம்பில் இரண்டு அடுக்கும் ஒரே தோலாகத் தெரிவதற்கும் உதவுகிறது. பணப்பைக்கு அதற்குமேல் தேவையில்லை. ஆனால் பெல்ட்டின் நடுப்பகுதியைப் போலத் தையல் எட்டாத அகலமான பரப்பில் இரண்டு அடுக்குகள் ஒன்றாக மடங்க வேண்டுமானால் பசைதான் அந்த வேலையைச் செய்கிறது. பையின் கைப்பிடியைப் பசையை மட்டும் நம்பி ஒட்டுவதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். பசை இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உரிப்பைத் தாங்காது. கைப்பிடியோ ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒட்டியபின் வளைத்தால் உள்பக்கத்து லைனிங் சுருக்கம் விழுகிறதே?

தட்டையாக வைத்து ஒட்டியதால் வந்தது அது. வளைவின் உள்பக்கத் தோல் வெளிப்பக்கத் தோலைவிட நீளம் குறைவாக இருக்க வேண்டும். வெளித்தோலை அதன் இறுதி வளைவில், ஒரு புட்டியின்மேலோ மேசை விளிம்பிலோ மடித்து வைத்துக்கொண்டு, லைனிங்கை ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாகப் படியவைத்து வாருங்கள். மறுமுனையில் லைனிங் சில மில்லிமீட்டர் மிஞ்சி நிற்கும், அதை வெட்டிவிடலாம். தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் பசை என்பதால், நடுவில் ஒரு பட்டர் பேப்பரை வைத்து இடத்தைச் சரிபார்த்து, பிறகு அந்தத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவது பாதுகாப்பு.

இந்த நெடி உடம்புக்குக் கெடுதலா? முகக்கவசம் போட்டால் போதுமா?

கெடுதல்தான், அதைக் குறைத்துச் சொல்வதில் பயனில்லை. காலணித் தொழிலின் வரலாற்றில் இதற்குக் கசப்பான சான்றுகள் உண்டு. பென்சீன் என்னும் கரைப்பான் கலந்த பசைகளைப் பயன்படுத்திய இஸ்தான்புல் காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை முஸாஃபர் அக்சோய் என்ற மருத்துவர் 1970-களில் எழுதிக் காட்டினார். பென்சீனுக்கு மாற்றாக வந்த ஹெக்சேனும் நிரபராதி இல்லை: 1960-களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிப் பிழைத்தவர்களுக்குக் கால்விரல்களும் கைவிரல்களும் மரத்துப்போய், பின் தசைகளும் வலுவிழந்தன. ஹெக்சேன் உடலுக்குள் மாறி உண்டாகும் ஒரு பொருள் நரம்புகளைத் தாக்குவதே காரணம். அவர்கள் வேலை செய்தது காற்றோட்டமில்லாத சிறு அறைகளில், நாள் முழுவதும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாதத்துக்கு இரண்டு பணப்பை செய்பவரின் நிலை அதுவல்ல. ஆனால் கதவை மூடிக்கொண்டு ஏசி போட்ட படுக்கையறையில் பசை பூசுகிறவர் அந்த நிலையை நோக்கிப் போகிறார்.

தூசியைத் தடுக்கும் என்95 முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய கவசமே அதற்கு உரியது. அதைவிட எளிய வழி, மொட்டை மாடியிலோ திறந்த திண்ணையிலோ பூசி, நெடி அடங்கியபின் உள்ளே கொண்டுவருவது. டின்னை ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் மூடிவையுங்கள். இன்னொன்று: இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள். பக்கத்து அறையின் கேஸ் அடுப்போ, சாமி விளக்கோ அதற்குப் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் டின்னைப் பூட்டி வையுங்கள். இந்த நெடியைப் போதைக்காக முகர்கிற பழக்கம் நம் ஊர்களிலும் உண்டு.

அப்படியானால் நீர் சார்ந்த பசைக்கே போய்விடலாமே?

போகலாம், அடுக்குமாடி வீட்டில் வேலை செய்பவருக்கு நான் அதையே சொல்கிறேன். ஜெர்மனியின் கொலோன் நகரத்து ரெனியா நிறுவனம் அக்விலிம் என்ற பெயரில் செய்யும் பசைகள் உலகெங்கும் தோல் கலைஞர்களிடம் பரவியிருக்கின்றன. பால்போல் வெள்ளையாகப் பூசி, வெண்மை மறைந்து தெளிந்ததும் ஒட்ட வேண்டும் என்பதால், தொடக்கக்காரருக்கு உலர்ந்ததைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளும் வசதி உண்டு. கரைப்பான் பசையைவிட இதில் ரப்பரின் பங்கு கூடுதல்; மெல்லிய ஒரே பூச்சு பெரும்பாலும் போதும். குறைகளையும் சொல்ல வேண்டும். மழைநாளில் உலர நேரம் பிடிக்கும். மெல்லிய தோல் நீரை உறிஞ்சிச் சற்று நெளியும். எண்ணெய்த் தோலில் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். கழுவாத பிரஷ் மறுநாள் குப்பைக்குத்தான் போகும்.

என் பொருளுக்கு இந்தப் பசை சரிவருமா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். புதிய தோலையோ புதிய டின்னையோ நான் இப்படிச் சோதிக்காமல் எடுப்பதில்லை. ஓர் அங்குல அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்து, உண்மையான வேலையைச் செய்வதுபோலவே தேய்த்து, பூசி, காயவைத்து, ஒரு முனையில் மட்டும் இரண்டு விரல் அகலத்தை ஒட்டாமல் விட்டு, தட்டி வையுங்கள். ஒருநாள் கழித்து அந்த முனைகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள். அப்போது கிடைக்கும் முகங்களைப் படிக்க வேண்டும். தோலின் நாரே பிய்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தோலைவிட வலுவாக இருக்கிறது. இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒரு பக்கம் பசையே இல்லாமல் சுத்தமாகவும், மறுபக்கம் படலம் முழுவதும் பளபளவென்றும் இருந்தால் சுத்தமாக இருக்கும் பக்கத்தில் எண்ணெயோ மெருகோ மிச்சமிருக்கிறது. இரண்டு பக்கமும் பசை இருந்து, நடுவில் நூல்நூலாக இழுபட்டிருந்தால் நீங்கள் காத்திருந்தது போதவில்லை, அல்லது பசை பழசு. இரண்டு பக்கமும் உலர்ந்த படலம் தனித்தனியாக அப்படியே இருந்தால், நெடுநேரம் விட்டுவிட்டீர்கள், ஈரம் படிந்துவிட்டது, அல்லது அழுத்தம் போதவில்லை. நான்கு விதமான முடிவுகளில் ஒன்றே ஒன்றுதான் பசையின் தவறாக இருக்கக்கூடும் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தோலின்மேல் சிந்திய பசையை எப்படி எடுப்பது?

துடைக்காதீர்கள், துடைத்தால் பரவும். காயவிட்டு, காய்ந்த பசையின் உருண்டையாலோ கிரேப் ரப்பர் (செருப்பின் அடித்தட்டுக்குப் பயன்படும் ரப்பர்) துண்டாலோ தேய்த்தால் உருண்டு வந்துவிடும். சாயம் போடாத தோலில் இதை மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத படலம் எஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெளிறிய திட்டாக நிற்கும். சாயம் போட்ட பிறகு ஒட்டுவது இதற்கு நேரான தீர்வு.

வெயிலில் நிறுத்திய காரில் வைத்த பையின் ஒட்டு விட்டுப்போகுமா?

சித்திரை வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். சாதாரண ரப்பர் சொல்யூஷன் அதில் இளகிவிடும். நல்ல நியோப்ரீன் பசைகளில் இதற்காகவே ஃபீனாலிக் பிசின் சேர்க்கிறார்கள்; அவை தாங்கும்.

கைக்கடிகார வாருக்கும் இதே பசையைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துகிறார்கள், ஆனால் மேலே சொன்ன பிசின்களில் ஒருவகை, சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரக்கூடியது. கடிகார வாரும் காலணியும் அணிந்த இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருவதற்குத் தோல் மருத்துவர்கள் சோதிக்கும் வழக்கமான பொருள்களில் அதுவும் ஒன்று. மணிக்கட்டில் வியர்வையோடு நாள் முழுவதும் ஒட்டியிருக்கும் பொருள் என்பதால், வாரின் நடுவில் மெல்லியதாகப் பூசி, விளிம்பில் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே ஒவ்வாமை உள்ளவருக்குச் செய்வதானால் இந்தப் பிசின் சேராத பசையைத் தேர்ந்தெடுங்கள்.

டின்னில் பசை கெட்டியாகிவிட்டது. தின்னர் ஊற்றலாமா?

தேன்போல் கெட்டியாகி, கிளறினால் இன்னும் ஓடுகிறது என்றால் அதே நிறுவனம் சொல்லும் தின்னரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறலாம். ஜெல்லிபோல் துண்டு துண்டாக அறுந்தால் அது மீளாது. அரை லிட்டர் டின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, கால்வாசியைப் பயன்படுத்துவதற்குள் மீதியை இப்படி இழந்தவர்கள் பலர். தொடங்குகிறவர் 100 மில்லி அளவில் வாங்கி, வாங்கிய தேதியை மூடியின்மேல் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் டின்னின் விளிம்பைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். விளிம்பில் காய்ந்த பசைதான் மூடியை முழுதாக உட்காரவிடாமல் காற்றை உள்ளே விடுகிறது.